அழகாக்குவது வேறு... சரி செய்வது வேறு!



சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக ஏற்காடு ஏறும் பாதையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் குப்பனூர். ஏற்காடு போகிறவர்களில் பெரும்பாலானோர் 20 கொண்டை ஊசி வளைவு கொண்ட மெயின் ரோட்டில்தான் போவார்கள். மழையில் அங்கே மண் சரிந்தால்தான் எல்லாருக்கும் எங்கள் ஊர் ஞாபகம் வரும்! வீட்டு முன்னறையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரின்டர் வைத்து, வீட்டு வேலை போக மிச்ச நேரத்தில் தொழில் செய்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி அட்டை, பழைய போட்டோவைப் பெரிதாக்குவது... இவைதான் என் வேலைகள்.

என்னைப் போலவே வீட்டில் இருந்து சம்பாதிக்க நினைக்கும் தோழிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "போன்லயே ஒரு தட்டு தட்டினா படம் பளிச்சுன்னு ஆயிடுதே! நீ எதுக்கு மாசாமாசம் காசு கட்டி, அவ்வளவு பெரிய சாப்ட்வேரைக் கட்டிக்கிட்டு அழுவுறே?" அவர்களுக்கு நான் தந்த பதிலையே, மற்றவர்களுக்கும் பயன்படுமே என்று விவரமாக எழுதுகிறேன்.

"நல்லாத்தான் இருக்காரு... ஆனா இவரு யாரு?"

மலை மேல் கிராமத்திலிருந்து வயதான ஓர் அம்மா பஸ் பிடித்து இறங்கி வந்திருந்தார். மடியில் பாலித்தீன் கவருக்குள் இரண்டு படங்கள். ஒன்று, காபித் தோட்டத்தில் வேலை பார்த்த ஆறு பேர் வரிசையாக நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம். போஸ்ட் கார்டு அளவுதான். நடுவில் மடிந்த கோடு, ஓரத்தில் பூஞ்சைக் காளான். இன்னொன்று, அதிலிருந்து டவுனில் ஒரு கடையில் பெரிதாக்கிக் கொடுத்த கலர் படம், கண்ணாடி பிரேம் போட்டது.

"கண்ணு, எங்க ஊட்டுக்காரரு போய்ச் சேர்ந்து வருசம் ஆச்சு. மாலை போட ஒரு படமில்ல. இதுலருந்து எடுத்துத் தாங்கன்னு கேட்டேன். குடுத்தாங்க. நல்லாத்தான் இருக்காரு... ஆனா இவரு யாரு?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பெரிய படத்தில் இருந்தவர் மொழுமொழுவென்று, சினிமா நடிகர் மாதிரி இருந்தார். பழைய படத்தில் இருந்தவருக்குக் கன்னத்தில் அம்மைத் தழும்பு. இடது புருவம் சற்று மேலே ஏறியிருந்தது. புதுப் படத்தில் தழும்பும் இல்லை, புருவ ஏற்றமும் இல்லை. கண்கள் இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு!

அப்போது என்னிடம் இருந்ததும் போனில் போடும் சாதாரண ஆப்தான். அதிலும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் வேறொரு ஆளைத்தான் காட்டியது. "ஒரு மாசம் டைம் குடுங்கம்மா" என்று வாங்கி வைத்துக் கொண்டேன். சாதாரண சாப்ட்வேரை விட்டுத் தொழில்முறை சாப்ட்வேருக்கு நான் மாறியதற்கு அந்த அம்மாவின் கேள்விதான் காரணம்.

ஆப் என்னதான் செய்கிறது?

சகோதரிகளே, இதைப் புரிந்து கொள்வது முக்கியம். ஒரே தட்டில் படத்தை அழகாக்கும் ஆப்கள் இரண்டு விதமான வேலை செய்கின்றன. ஒன்று, தோலில் உள்ள மேடு பள்ளத்தையெல்லாம் ஒரேயடியாகத் தேய்த்து விடுவது. முகப்பருவும் போய்விடும்; கூடவே மச்சமும் தழும்பும் சுருக்கமும் போய்விடும். இரண்டாவது, இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு வேலை. மங்கலான முகத்தைக் கொடுத்தால், தான் ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஏராளமான முகங்களை வைத்து, 'இந்த இடத்தில் கண் இப்படித்தான் இருந்திருக்கும்' என்று ஊகித்து வரைந்து விடுகிறது. மங்கலுக்குப் பின்னால் இருந்ததை அது தேடி எடுத்துத் தருவதில்லை. கற்பனை செய்கிறது!

பேஸ்புக்கில் போடும் படத்துக்கு இது போதும். ஒருவருடைய ஒரே படத்துக்கு இது போதவே போதாது.

எங்கே போனேன்?

தொழில்முறை என்றவுடன் எல்லாரும் சொல்வது போட்டோஷாப். அதன் கதை சுவையானது. அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்று இரண்டு அண்ணன் தம்பிகள். தாமஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். ஜான், சினிமா தந்திரக் காட்சிகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1987-ல் இருவரும் தொடங்கிய வேலையை அடோபி நிறுவனம் உரிமம் பெற்று 1990 பிப்ரவரியில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதை மற்றவர்களுக்குச் செய்து காட்ட ஜான் பயன்படுத்திய படம், தன் வருங்கால மனைவி ஜெனிபர் கடற்கரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் படம்! உலகத்தில் போட்டோஷாப் கண்ட முதல் படங்களில் ஒன்று ஒரு பெண்ணுடையது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இன்னொரு சந்தோஷமும் உண்டு. போட்டோஷாப்பைத் திறக்கும்போது வரும் பெயர் வரிசையில், பல ஆண்டுகளாக முன்னால் இருந்த பெயர் சீதாராமன் நாராயணன். நம்ம ஊர்ப் பெயர்! விண்டோஸ் கம்ப்யூட்டருக்குப் போட்டோஷாப் வந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

முன்பெல்லாம் ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் போதும். 2013 முதல் புது வடிவங்களைச் சந்தா கட்டித்தான் பயன்படுத்த முடியும். எங்கள் வீட்டில் பேச்சு எழுந்ததே இதில்தான். "கேபிளுக்கு ஒரு சந்தா, போனுக்கு ஒரு சந்தா, இதுக்கும் ஒண்ணா?" என்றார் என் கணவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் பையனோ, "எதுக்குங்க்கா காசு? திருட்டுக் காப்பி போட்டுத் தர்றேன்" என்றான். அது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். அப்படி வரும் காப்பியோடு வைரஸும் வரலாம். வந்தால் நம்மை நம்பி மற்றவர்கள் கொடுத்த படங்களுக்கு யார் பொறுப்பு? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் முதலில் ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் கற்றுக் கொண்டேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கி, 1996-ல் வெளியானது. உலகமெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து இன்றும் வளர்க்கிறார்கள். ஒரு பைசா கிடையாது, முறையானது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஒரு வருடம் அதிலேயே கை பழகிய பிறகு, ஆல்பம் டிசைன் செய்பவர்கள் போட்டோஷாப் கோப்பாகவே வேலை கொடுக்க ஆரம்பித்ததால்தான் சந்தா கட்டினேன். அந்த வேலையின் கூலியே சந்தாவுக்கு மேல் வந்தது. வேலை வரும் முன் சந்தா கட்டாதீர்கள் என்பதுதான் என் யோசனை.

என்ன வித்தியாசம்? நம்ம பாஷையில்...

முதலாவது, லேயர். அசல் படத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, அந்தத் தாளில் மட்டும் வரைவதாக நினைத்துக் கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் தாளை எடுத்துப் போட்டு விடலாம். அடியில் அசல் அப்படியே இருக்கும். மடிந்த கோட்டைச் சரி செய்ய ஒரு தாள், பூஞ்சையைப் போக்க ஒரு தாள், வெளிச்சத்துக்கு ஒரு தாள். போட்டோஷாப்பில் இந்த வசதி வந்ததே 1994-ல்தான்.

இரண்டாவது, மாஸ்க். புடவைக்கு அச்சுப் போடுகிறவர்கள், சாயம் படக்கூடாத இடத்தை மறைத்து வைப்பார்கள் அல்லவா? அதே தான். முகத்துக்கு மட்டும் வெளிச்சம் கூட்டலாம். வெள்ளைச் சட்டை வெளுத்துப் போகாது.

மூன்றாவது, கர்வ்ஸ். ஆப்பில் 'பிரைட்னஸ்' என்று ஒரே குமிழ். திருப்பினால் மொத்தப் படமும் வெளுக்கும். கர்வ்ஸில் நிழலை மட்டும் தூக்கலாம், நடுத்தர வெளிச்சத்தை மட்டும் இறக்கலாம். குழம்புக்கு உப்பு, புளி, காரம் தனித்தனியாகப் போடுவதற்கும், கடையில் வாங்கிய ஒரே பொடியைக் கொட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்!

நான்காவது, ஒட்டுப் போடும் கருவிகள். குளோன் என்பது பக்கத்து இடத்தை நகல் எடுத்துக் கிழிசலில் வைப்பது. ஹீலிங் பிரஷ் அதைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து விடுவது. நல்ல தையற்காரர் கிழிந்த பட்டுப் புடவையில் அதே நூலை எடுத்து இழைப்பது போல.

இந்த வேலை நம்ம ஊருக்குப் புதியதல்ல. கம்ப்யூட்டர் வருவதற்கு முன், ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சரி செய்வார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் புடவைக் கலரும், நகைக்குத் தங்க நிறமும் தீட்டுவார்கள். அந்தக் கைவேலையில் கை தவறினால் தவறியதுதான். தமிழக ஸ்டூடியோக்களில் எடுத்த பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு டிஜிட்டல் முறையில் பாதுகாத்திருக்கிறது. வீட்டு போட்டோ என்று நாம் பெட்டியில் போட்டு வைப்பதை, சரித்திரம் என்று அவர்கள் பாதுகாக்கிறார்கள்!

அந்தப் படம் என்ன ஆயிற்று?

போஸ்ட் கார்டு படத்தை 1200 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தேன். அதாவது ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி. அந்தப் பெரியவரின் முகம் அரை அங்குலம்தான். ஆக, முகத்துக்குக் கிடைத்தது 600 புள்ளி. நன்றாக அச்சாக அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது கணக்கு; எனவே 2 அங்குல முகம் தெளிவாக வரும். அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கும். காகிதத்திலேயே இல்லாத விவரத்தை எந்த ஸ்கேனராலும் கொண்டுவர முடியாது.

"ஒரு அடி உசரத்துக்கு வேணும்னு கேட்டீங்கம்மா. அது முடியாது. 5-க்கு 7 அங்குலம் வரும். ஆனா அவரேதான் இருப்பார்" என்று முன்கூட்டியே சொன்னேன். சம்மதித்தார்.

இரவு சமையலறை வேலை முடிந்த பின், தினம் ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தேன். மடிந்த கோடு அவர் தோளில்தான் போயிருந்தது, ஒட்டுப் போட்டேன். பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். தழும்பு எது, பூஞ்சைப் புள்ளி எது என்று பிரிப்பதுதான் பெரிய வேலை. சந்தேகமான இடத்தில் கை வைக்காமல் விட்டு, அந்த அம்மா வந்தபோது அவரையே கேட்டேன். திரையைத் தொட்டு, "இது தழும்பு... இது இல்ல... இது தழும்பு" என்று சொல்லிக் கொண்டே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் சரியாகச் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அச்சு எடுத்துக் கொடுத்தபோது ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் படத்தைத் துடைத்துவிட்டு, "புருவத்தைத் தூக்கிக்கிட்டு எப்பவும் இப்படித்தான் பாப்பாரு" என்றார்.

"கொஞ்சம் கலராக்கிக் குடுங்க..."

நல்ல சாப்ட்வேர் கைக்கு வந்தால் நல்லதும் செய்யலாம், அல்லாததும் செய்யலாம். பெண் பார்க்கக் கொடுக்கும் போட்டோவுக்கு என்னிடம் வரும் தாய்மார்கள் பத்தில் பாதிப் பேராவது மெதுவாகக் கேட்பார்கள்: "பொண்ணைக் கொஞ்சம் கலராக்கிக் குடும்மா."

கர்வ்ஸில் இரண்டு நிமிட வேலை. ஆனால் நான் செய்வதில்லை. டியூப் லைட்டில் எடுத்ததால் முகம் பச்சையடித்திருந்தால் சரி செய்வேன். ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி எடுத்ததால் முகம் இருண்டிருந்தால் வெளிச்சம் கொடுப்பேன். அன்றைக்கு வந்த பருவை எடுப்பேன். இவையெல்லாம் கேமரா செய்த குறை; அல்லது நான்கு நாளில் போகிற விஷயம். நிறமும், முகவெட்டும், மச்சமும் அந்தப் பெண்ணுடையவை. அவற்றைத் தொட மாட்டேன்.

ஒரு அம்மா கோபித்துக் கொண்டு போய்விட்டார். வருமானம் போனதும் உண்மைதான். அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். எத்தனை இடத்தில் தட்டிக் கழித்த வலியோ! ஆனால் யோசித்துப் பாருங்கள். போட்டோவில் வெளுப்பாகப் பார்த்துவிட்டு நேரில் வந்தவர்கள், அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகவே போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்களே, அந்த நிமிடத்தில் அவள் என்ன பாடுபடுவாள்? மாநிறப் பெண்ணை நல்ல வெளிச்சத்தில், அவளுக்குப் பிடித்த புடவையில், அவள் சிரிக்கும்போது எடுத்த படத்துக்கு எந்தத் திருத்தமும் வேண்டாம் என்பதே என் அனுபவம்.

அரசாங்க வேலைகளிலும் கவனம் தேவை. உதாரணமாக, அமெரிக்க விசாவுக்கு முகத்தைத் திருத்திய படத்தை ஏற்க மாட்டார்கள். பளிச்சென்று காட்டப் போய் விண்ணப்பமே திரும்பினால் யாருக்கு நஷ்டம்?

மாற நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

* முதலில் இலவச ஜிம்பில் மூன்று மாதமாவது பழகுங்கள். லேயர், மாஸ்க், கர்வ்ஸ் மூன்றும் கைவந்தால் எந்தச் சாப்ட்வேருக்கும் போகலாம். பெயர்களும் பட்டன்களும்தான் மாறும்.

* போட்டோஷாப்புக்குக் கம்ப்யூட்டரில் குறைந்தது 8 ஜி.பி. ராம் வேண்டும், 16 இருந்தால் தடங்கலின்றி ஓடும். சாப்ட்வேருக்குச் சந்தா கட்டும் முன் இதைப் பாருங்கள்.

* வேலை முடியும் வரை படத்தை ஜேபெக்காக மறுபடி மறுபடி சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் குறையும். போட்டோஷாப்பில் பி.எஸ்.டி., ஜிம்பில் எக்ஸ்.சி.எப். என்று சேமித்தால் லேயர்கள் அப்படியே இருக்கும். கடைசியில் ஒரே ஒரு முறை ஜேபெக்.

* வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படத்தின் அளவு சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

* 35-க்கு 45 மில்லிமீட்டர் படம் என்றால் 300 புள்ளிக் கணக்கில் 413-க்கு 531 புள்ளி. 4-க்கு 6 அங்குலத் தாளில் எட்டுப் படம் அடங்கும். ஒரு தாள் செலவில் எட்டுப் படம்!

* தமிழ் எழுத்து போட்டோஷாப்பில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து வந்தால் பயப்படாதீர்கள். பழைய வடிவங்களில் பிரிபரன்ஸஸில் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு எழுத்து சரியாகும். ஜிம்பில் இந்தத் தொல்லை இல்லை.

* கடைசியாக ஒன்று. பெண்களின் படங்களை வேலை முடிந்ததும் நான் அழித்துவிடுகிறேன். அழித்ததைக் காட்டியும் விடுகிறேன். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. படத்தை யாராவது ஒட்டி வெட்டி மிரட்டினால் வீட்டில் மறைத்து வைத்து அழாதீர்கள். மிரட்டல் செய்தியை அழிக்காமல் வைத்துக் கொண்டு, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கோ, பெண்கள் உதவி எண் 181-க்கோ கூப்பிடுங்கள். வெட்கப்பட வேண்டியது செய்தவன்தான், நீங்கள் அல்ல.

ஆங்கிலம் தெரியாதே, வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். மெனுவில் உள்ள ஐம்பது சொற்களைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி, கம்ப்யூட்டர் பக்கத்தில் தொங்கவிட்டுத்தான் நானும் பழகினேன். இரண்டு மாதத்தில் நோட்டைப் பார்க்கும் வேலை தானாகக் குறைந்தது. முறுக்குச் சுற்றவும், இழைக்கோலம் போடவும் பழகிய கைக்கு மௌஸ் பிடிப்பது பெரிய வித்தையா என்ன?

சந்தா கட்டுகிறீர்களோ இல்லையோ, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பீரோவில் உள்ள பழைய போட்டோக்களை எடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே யார் யார் என்று கேட்டு, பின்பக்கம் அழுத்தாமல் பென்சிலால் எழுதி வையுங்கள். கிழிந்த படத்தை என்னைப் போன்றவர்கள் ஒட்ட வைத்து விடுவோம். பெயர் மறந்து போனால் அதைச் சேர்க்க எந்தச் சாப்ட்வேரும் கிடையாது.

- ஒரு வாசகி, குப்பனூர், சேலம் மாவட்டம்.